நீலக் காரும் தேங்காய் நாரும்

“அம்மா, கார் பெயிண்டுல விழுந்த கீறல ரொம்பச் செலவில்லாம எப்படி எடுக்கலாம்?” என்று அருணகிரி குருவிடம் கேட்டார்.

யோகவல்லி அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆசிரமத்துக்குச் சமைக்கிற காமுத்தாய் சில நாட்களாக வேலைக்கு வரவில்லை. அதனால் குருவே அரிவாள்மணையும் முறமுமாக உட்கார வேண்டியதாயிற்று.

“என்கிட்டயா கேக்கறீங்க ஐயா? அந்த வண்டியில முன் சீட்டுல உக்காந்து போனதோட சரி. வேற என்ன தெரியும் எனக்கு?”

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவர் ‘அம்மா’ என்பார், குரு ‘ஐயா’ என்பார். வந்து போகிறவர்களுக்குத்தான் இது விநோதமாக இருக்கும், அவர்கள் இருவருக்கும் பழகிவிட்டது.

அருணகிரி கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவர். மன அமைதி வேண்டும் என்று இந்த மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். சம்பளம் நின்றுபோனதே தவிர பழக்கம் நிற்கவில்லை.

பக்தர் ஒருவர் மகனோடு வெளிநாடு போகும்போது தன்னுடைய கருநீலக் காரை ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இருந்தவர்களில் கார் ஓட்டத் தெரிந்தவர் அருணகிரி ஒருவர்தான் என்பதால் சாவி அவரிடம் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆசிரமத்தை ஒட்டிக் கல் குவாரிக்குப் போகிற சாலை. ஜல்லி லாரி ஒன்று போனால் அரை மைலுக்கு வெள்ளைத் தூசி எழும்பி நிற்கும். கருநீலப் பெயிண்டில் அது படிந்தால் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டவுனில் ஒரு கடைக்காரர் பெயிண்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு போட்டுத் தருகிறேன் என்றார். அவர் சொன்ன விலைக்கு ஆசிரமத்துக்கு வருஷம் பூராவும் அரிசி வாங்கலாம். அருணகிரி கும்பிடு போட்டுவிட்டு வந்து, மலிவாக என்னென்ன செய்யலாம் என்று தானே விசாரித்துக் கற்றுக்கொண்டார்.

தென்னங்கீற்றில் காருக்கு ஒரு கொட்டகை. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணி அலசுவதற்கு ஒரு வாளி. பாத்திர சோப்பு ஆகாது, அது பெயிண்டின் மினுமினுப்பை உரித்துவிடும். வருஷத்தில் இரண்டு மூன்று முறை மெழுகு, அதுவும் மெல்லிசாக. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும், பெயிண்டில் வைத்தால் கறை பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் கேட்டவருக்கும் சொன்னார், கேட்காதவருக்கும் சொன்னார். தியானத்துக்கு வந்தவர்கள் மெழுகு பூசும் முறையைத் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள்.

காமுத்தாய்க்கு மட்டும் அவர் இதைச் சொன்னதில்லை. சமையல்காரருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

காமுத்தாயின் கணவர் சங்கிலிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதல் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தபோது டவுன் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். குரு சொன்னார், அருணகிரி ஓட்டினார். அந்தக் காருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காமுத்தாய்க்கு மனசில் இருந்துகொண்டே இருந்தது. ஆயுத பூஜையன்று விடிவதற்கு முன்பே வந்து, குத்துவிளக்குகளைத் தேய்த்து முடித்த கையோடு காரையும் தேய்த்துவிட்டார். பாத்திரம் தேய்க்கிற பவுடரும் தேங்காய் நாரும் வைத்து, பானெட் முழுவதையும் அழுத்தி, வட்டம் வட்டமாக.

ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் கூடி, கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில் வெயில் பானெட்டில் விழுந்தது. அருணகிரி பார்த்தார்.

“யாரு இதைத் தொட்டது?”

“நாந்தேன் சார்.” காமுத்தாய் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். “வெள்ளனவே வந்து தேச்சுட்டேன். நம்ம வெளக்கு கணக்கா இருக்கட்டுமேன்னு.”

“எதை வச்சுத் தேச்ச?”

அதுவரை அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் அருணகிரி பேசி வந்தார். அந்த ‘தேச்ச’ காதில் விழுந்ததுமே காமுத்தாயின் சிரிப்பு போய்விட்டது.

“நாரு வச்சுத்தேன் சார்.”

“இங்க வா. கிட்ட வா. இது என்ன? இது? இந்தா, இது?” ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக் காட்டினார். கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர்களை நிற்க வைத்துக் கேட்ட அதே குரல். “ஓசியில ஏறிப் போறவங்களுக்கு வண்டியோட அருமை எப்படித் தெரியும்?”

கற்பூரம் எரிந்து அணைந்தது. காமுத்தாய் ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் சுண்டலும் பொங்கலும் பரிமாறினார், அருணகிரிக்கும் வைத்தார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். அடுப்படிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

இப்போது அருணகிரிக்கு அந்த வட்டங்களை எடுக்க வேண்டும். காமுத்தாயைப் பற்றி அவரும் நினைக்காமல் இல்லை. ஆனால் அந்த நினைப்பு வரும்போதெல்லாம் பெயிண்டைப் பற்றி நினைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது.

குரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார்.

“பறவை எச்சம் விழுந்தா எப்படி எடுப்பீங்க ஐயா? நீங்கதான் அதுல கெட்டிக்காரராச்சே.”

அருணகிரியின் முகம் தெளிந்தது. “சீக்கிரம் எடுத்துடணும்மா. விட்டுட்டா பெயிண்ட அரிச்சுடும். அதுக்காகப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. ஈரத் துணிய அது மேல போட்டு ஊற விடணும். தானா இளகிடும். அப்புறம் துணிய மெதுவா மேல தூக்குனா அதுவும் கூடவே வந்துடும்.”

“தேச்சா என்ன?”

“அதுல பொடி மண்ணு இருக்கும்மா. தேய்க்கற வேகத்துல அதுவே கீறிடும். எச்சத்தால வர்ற கெடுதலவிட நம்ம கையால வர்ற கெடுதல் ஜாஸ்தி.”

“நல்ல வெயில்ல நிக்கிற வண்டியக் கழுவலாமா?”

“கழுவவே கூடாது. தகடு கொதிச்சுக்கிட்டு இருக்கும். சோப்புத் தண்ணி அப்படியே காஞ்சு திட்டுத் திட்டாக் கறை புடிச்சுக்கும். நிழலுக்குக் கொண்டாந்து, சூடு ஆறினப்புறம்தான் கைய வைக்கணும்.”

“கைய வைக்கறப்ப முதல்ல துணியா, தண்ணியா?”

“தண்ணிதாம்மா. முதல்ல நிறையத் தண்ணி விடணும். தூசிய அதுவா கீழ இறங்க விடணும். துணியெல்லாம் அப்புறம். வறட்டுத் துணியால துடைக்கறவன் வண்டி வச்சுக்கவே லாயக்கில்ல.”

“என்ன துணி?”

“பழைய பனியன் துணி. நாள்பட்டுப் பூ மாதிரி ஆயிருக்கணும். அதுலயும் தையல் இருக்கற ஓரத்த வெட்டி எடுத்துடுவேன். அந்த நூலுகூடக் கீறும்.”

“நூலு கீறுமா?”

“நமக்குத் தெரியாது. வெயில் படறப்பத்தான் தெரியும்.”

குரு இலைகளை முறத்தில் சேர்த்தார். “இவ்வளவையும் எப்படிக் கத்துக்கிட்டீங்க?”

“அவசரப்படாம, ஒவ்வொண்ணா, பொறுமையா...”

அருணகிரி அந்த வார்த்தையில் நின்றுவிட்டார். குரு அடுத்த தண்டை எடுத்தார்.

“சொல்லுங்க ஐயா. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

தகரத்துக்குச் செய்ய வேண்டியது அத்தனையும் விரல் நுனியில் வைத்திருக்கிற மனுஷன், ஐம்பது வயதுப் பெண்பிள்ளையைக் கற்பூரத்துக்கு முன்னால் நிற்க வைத்து என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. அன்று மதியம் அவர் இலையில் உட்காரவில்லை. பசியில்லை என்றார்.

வெட்கப்பட்ட மனுஷன் சும்மா இருந்தால் பாதி நல்லது. அருணகிரியால் சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்தார். பல பேர் முன்னால் அவமானப்படுத்தியதற்குப் பல பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். இது அவருக்கு நியாயமாகப் பட்டது. தணிக்கைக்காரர் அல்லவா, இந்தப் பக்கம் எழுதியதை அந்தப் பக்கமும் எழுதிவிட்டால் நேராகிவிடும் என்று நம்பினார். குருவிடம் சொல்லாமல் கிளம்பினார். போகும்போது சாத்துக்குடி, வாழைப்பழம், மல்லிகைப்பூ எல்லாம் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார்.

தெருவில் தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்துப் போனார். அப்போதுதான் எல்லோரும் வெளியே இருப்பார்கள். காமுத்தாய் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தினார். சங்கிலி வாசலில் கட்டில் போட்டு, ஆபரேஷன் செய்த கண்ணிலும் பார்வை இன்னும் முழுசாகத் தெளியாமல், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த காமுத்தாய் காரைப் பார்த்ததும் நின்றார்.

அருணகிரி தட்டைப் பானெட்டில் வைத்துவிட்டு நேரே போய்க் காலில் விழுந்தார்.

“ஐயையோ, என்ன சார் இது. எந்திரிங்க.”

“இல்லம்மா. நான் பண்ணுனது பெரிய தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்.”

“சார், எந்திரிங்க. ஒண்ணுமில்ல சார், எந்திரிங்க மொதல்ல.”

அவர் எழவில்லை. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு பாதியில் நிற்குமா. “அத்தனை பேர் முன்னாடி ஓசியில ஏறிப் போறவங்கன்னு உங்களச் சொல்லிட்டேன். என் நாக்குல புழு விழணும்.”

யாரோ குழாயை மூடினார்கள்.

“யாரு புள்ள ஓசியில போனது?” என்று கட்டிலில் இருந்து சங்கிலி கேட்டார்.

காமுத்தாய் குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

“ஆசிரமத்துல லீவுன்னு சொன்ன?”

காமுத்தாய் வீட்டில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. கண்ணுக்காகப் போன பயணத்தைக் காட்டித் தன்னைப் பேசினார்கள் என்று தெரிந்தால் இந்த மனுஷர் தாங்கமாட்டார் என்று, லீவு என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கிறார். அது தெருவுக்கே இப்போது தெரிந்துவிட்டது.

சங்கிலி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கார் நிற்கிற பக்கமாகத் திரும்பினார்.

“சார், நாங்க கேக்கல சார். அம்மாதேன் சொன்னாக, ஏறுனோம். அடுத்த கண்ணுக்கு நாங்க பஸ்ஸுலயே போயிக்கிர்றோம்.”

குரலில் கோபமே இல்லை. கோபமாக இருந்திருந்தால் அருணகிரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சுவரைத் தடவிக்கொண்டு அவர் உள்ளே போனார், பின்னாலேயே காமுத்தாய் போனார், கதவு சாத்திக்கொண்டது. அருணகிரி முழங்காலில் மண்ணோடு தெருவில் நின்றார். தட்டைத் திருப்பி எடுத்துப் போவதா, வாசலில் வைப்பதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே குருவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு வார்த்தையை ஒளிக்கவில்லை.

“கால்ல விழுந்தீங்களா?” என்று குரு கேட்டார்.

“ஆமாம்மா.”

“அப்ப அவங்க கையில என்ன இருந்துச்சு?”

“குடம்.”

“நிறைகுடமா, வெறுங்குடமா?”

அருணகிரி யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. “கவனிக்கலம்மா. என்ன பேசணுங்கறதுலயே இருந்துட்டேன்.”

“பேசி முடிச்சீங்களா?”

“முடிச்சேன்.”

“மனசு லேசாச்சா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. “விழுந்து கெடந்தப்ப லேசாத்தாம்மா இருந்துச்சு. இத்தனை பேர் பாக்க விழுந்துட்டோமேன்னு ஒரு... எப்படிச் சொல்றது, ஒரு திருப்திகூட இருந்துச்சு.” சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. “நான் அவங்களப் பாக்கவே இல்லம்மா.”

குரு திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

“அடுப்படியில பாத்திரம் கெடக்கு. போய்த் தேய்ங்க ஐயா.”

அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கிற வேலை அவருடையதாயிற்று. சோற்றுப் பானையின் அடி லேசில் விடாது. காமுத்தாய் மாடத்தில் வைத்துவிட்டுப் போன தேங்காய் நாரைத்தான் எடுத்துத் தேய்த்தார். விரல் முட்டி தோல் உரிந்தது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் காமுத்தாய் தேய்த்து வைத்த பாத்திரத்தின் பளபளப்பு வரவில்லை. இவ்வளவு பலத்தையும் கொடுத்துத்தான் அந்த அம்மாள் காரைத் தேய்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் நினைக்கப் பிடிக்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

சங்கிலிக்கு இரண்டாவது கண் ஆபரேஷனுக்கு நாள் வந்தது. முந்தின நாள் அருணகிரி குருவிடம் வந்து நின்றார்.

“அம்மா, நாளைக்கு அவங்க பஸ்ஸுல போகப்போறாங்களாம். அந்த ஸ்டாப்புல நின்னா லாரித் தூசி மூஞ்சியில அடிக்கும். திரும்பி வர்றப்ப கட்டு வேற போட்டிருக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கார்ல வருவாங்க.”

“சொன்னா வருவாங்க. நான் சொல்லித் தட்ட மாட்டாங்க.”

“அப்பச் சொல்லுங்கம்மா.”

“கார்ல அந்த மனுஷர் எப்படி உக்காந்து வருவாரு ஐயா?”

அருணகிரிக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது. பின் சீட்டின் நுனியில், சாய்ந்துகொள்ளாமல், கதவில் கை படாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரி வரைக்கும் அப்படியே.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

கோடைக்காலத்தில் கார்க் கொட்டகையைச் சுற்றித் தூசி கிளம்பாமல் இருக்க அருணகிரி தரையில் தண்ணீர் தெளிப்பது உண்டு. மண் நனைந்திருந்தால் காற்றடித்தாலும் தூசி மேலே வராது, வண்டிக்கு அது ஒரு காவல். காசு செலவில்லாத காவல்களில் அதுதான் நல்லது என்று அவரே சொல்வார். மறுநாள் காலையில் கார் கழுவுகிற இரண்டு வாளிகளையும் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனார். ஆசிரமத்துத் தொட்டிக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடையாய் நடந்து, நிற்கிற இடம், அதற்கு முன்னால் சாலையோரம், லாரி ஒதுங்குகிற மண் தரை எல்லாவற்றையும் நனைத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று.

அவர்கள் வருவது தெரிந்ததும் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். இந்த வயதில் ஒளிந்து நிற்பது கேவலமாகத்தான் இருந்தது. எதிரே போய் நிற்பது அதைவிடக் கேவலம் என்று இப்போது தெரிந்துகொண்டிருந்தார். அவசரத்தில் ஒரு வாளியை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டார்.

“மழ பேஞ்சுச்சா புள்ள? மண்ணு வாசம் வருது” என்றார் சங்கிலி.

“இல்ல. யாரோ தண்ணி தெளிச்சிருக்காக.”

“எவனோ நல்ல மனுசன் போலருக்கு.”

காமுத்தாய் வாளியைப் பார்த்தார். அது எந்த வாளி என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, தினமும் பார்த்த வாளிதான். சுற்றுமுற்றும் தேடவில்லை. பஸ் வந்து நசுக்கிவிடாதபடி அதை எடுத்து ஓரமாக, ஸ்டாப்பை ஒட்டியிருந்த சிறு பாலத்துச் சுவர் மேல் வைத்தார்.

ஒரு ஜல்லி லாரி போயிற்று. தூசி முழங்கால் உயரத்துக்குக் கிளம்பி அடங்கிவிட்டது. பஸ் வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள். ‘நல்ல மனுசன்’ என்ற வார்த்தை அருணகிரியை நகர விடவில்லை. ‘ஓசியில ஏறிப் போறவங்க’ என்று தான் சொன்னதைக் கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. தனக்குப் பொருந்தாத இந்த வார்த்தையைக் கேட்டபோது கொஞ்சம் தெரிந்தது. புகழ்ச்சி இப்படிச் சுடும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர்கள் கட்டோடு திரும்பி வந்தபோதும், கட்டுப் பிரிக்கப் போனபோதும், சொட்டு மருந்து வாங்கப் போனபோதும் அந்த இடம் நனைந்திருந்தது. அவர் அதன்பிறகு மரத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. தெளித்துவிட்டு வந்துவிடுவார். குருவிடமும் சொல்லவில்லை. குருவும் காலையில் வாளி இரண்டும் எங்கே போகின்றன என்று கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் அருணகிரி எழுந்து வந்தபோது ஆணியில் சாவி இல்லை. அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். காமுத்தாய் வந்திருந்தார். அருணகிரி தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள் அத்தனையையும் இறக்கிப் போட்டு மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தேய்த்தார்.

பந்தியில் மற்றவர்களிடம் ‘இன்னும் கொஞ்சம் வைக்கவா’ என்று கேட்பவர், இவரிடம் கேட்கவில்லை. குறையாகவும் வைக்கவில்லை. போதும் என்று இவர் கையைக் காட்டினால் நிறுத்திக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. ‘சார்’ என்ற வார்த்தை காமுத்தாய் வாயிலிருந்து வரவேயில்லை.

பௌர்ணமிக்கு வந்த பக்தர் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன சார், பானெட்டெல்லாம் இப்படி வட்ட வட்டமா இருக்கு? எவன் பண்ணுன வேலை?”

காமுத்தாய் அப்போது கறிவேப்பிலை பறிக்கக் கொட்டகைப் பக்கம் வந்திருந்தார். அருணகிரி அதைப் பார்த்தார்.

“என் பொறுப்புல இருக்கற வண்டிதான் சார். எப்படித் தொடணும்னு சொல்ல வேண்டியவங்களுக்கு நான் சொல்லல.”

பக்தர் ‘அடடா’ என்று சொல்லிவிட்டு, பாலிஷ் பேஸ்ட் ஒன்றின் பேரைச் சொன்னார். காமுத்தாய் கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். அருணகிரி அன்று முழுக்கக் காத்திருந்தார். பந்தியில் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். காமுத்தாய் ரசம் ஊற்றினார், நகர்ந்தார்.

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்க முடியவில்லை. சாப்பாடு முடிந்ததும் குருவைத் தேடிப் போனார். குரு சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய படியில் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, அவங்க வந்துட்டாங்க. சமைக்கிறாங்க, போடறாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க.”

“ம்.”

“மன்னிச்சுட்டாங்களா இல்லையான்னே தெரியலம்மா. இத மனசுல வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல, சோறு எறங்கல. யாரும் இல்லாத நேரமாப் பாத்து, தனியா, மெதுவா, ஒரே ஒரு தடவ கேட்டுடட்டுமா? இந்தத் தடவ கத்த மாட்டேன். கால்லயும் விழ மாட்டேன்.”

“கேட்டா அவங்க என்ன சொல்லணும் ஐயா?”

“மன்னிச்சுட்டேன்னு சொன்னா...” அருணகிரி தடுமாறினார். “இல்ல, மன்னிக்கலன்னு சொன்னாக்கூடப் போதும்மா. ஏதாவது ஒண்ணு தெரிஞ்சா என் மனசு ஆறும்.”

கூடத்தில் காமுத்தாய் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். குரு அந்தப் பக்கம் பார்த்தார்.

“விடியறதுக்கு முன்னாடி வந்து நம்ம எல்லாருக்கும் ஆக்கறாங்க. நாம சாப்பிட்டதும் இலை எடுக்கறாங்க. பாத்திரம் தேய்க்கறாங்க. வீட்டுக்குப் போய் அவருக்கு வேளை தவறாம ரெண்டு கண்ணுக்கும் மருந்து விடறாங்க.” குரு அவர் பக்கம் திரும்பினார். “இதுக்கு மேல உங்க மனச ஆத்தற வேலையையும் அவங்கதான் பாக்கணுமா ஐயா?”